பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்

புதுச்சேரிக்காரன் வண்டியில் பெட்ரோல் முள் பெரும்பாலும் சிவப்புக் கோட்டில்தான் படுத்துக் கிடக்கும். அவன் திண்டிவனம் பக்கமிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வழிநெடுக பங்க் இருக்கும், ஒன்றிலும் நிறுத்தமாட்டான். தமிழ்நாட்டு விலைக்கும் எங்கள் விலைக்கும் உள்ள சில்லறை வித்தியாசத்துக்காக, இன்ஜின் இருமினாலும் விக்கினாலும் எங்கள் எல்லையான கோரிமேட்டைத் தாண்டி வந்துதான் டேங்க் மூடியைத் திறப்பான். "பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்" என்று எங்கள் அப்பா சொல்வார். அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

என் தங்கச்சியின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவளைக் காரில் சென்னைக்கு அழைத்துப்போய்த் திரும்பும்போது, கிளியனூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, கல்யாணப் பெண் பின்னால் நின்று தள்ளினாள். "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளும்மா" என்று ஜன்னல் வழியாக நான் உற்சாகப்படுத்தினேன். கையில் மருதாணி இல்லாத நாளாகப் போனது என் அதிர்ஷ்டம். அவள் அதை மறக்கவில்லை. மறக்கிற ஜாதியும் இல்லை அவள்.

இந்த லட்சணத்தில் என் உத்தியோகம் கரண்டு ஆபீஸில். உழவர்கரைப் பக்கம் மின்சாரம் போனால் ஜனங்கள் எனக்குப் போன் செய்வார்கள். "இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடும்" என்பேன். அதற்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறேன். இளநீர் மாதிரி குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் ஒன்றும் வராது.

தங்கச்சி கல்யாணமாகிப் போனது பிரான்சுக்கு. மாப்பிள்ளை வீட்டார் தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர்கள். ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தனும் அவள் வீட்டு விசேஷங்களில் வீடியோ காலில் பாதி நெற்றியையும் மின்விசிறியையும் மட்டும் காட்டி வந்தவன். பல வருஷம் காத்திருந்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் காது குத்துவதென்றால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, அவன் வாங்கி வந்த கம்மலைப் போட்டால்தான் கணக்கு.

"அண்ணா, நீ வந்தாதான்" என்று அவள் போனில் சொன்னாள். "இவங்க வீட்டுல எது நடந்தாலும் கூடம் ரொம்ப இவங்க ஆளுங்க. என் பக்கம் நாற்காலி சும்மா கெடக்கும். நீ வரலன்னா அவரு பெரியப்பா பையன் மடியில உட்கார வைக்கலாம்னு மாமியார் இப்பவே சொல்லிட்டிருக்காங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு மணி நேரம் உன் மடியக் குடுத்துட்டுப் போ."

மடியைக் கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. என் தொப்பை போக அதில் குழந்தைக்கு இடம் தேறுமா என்பதுதான் கவலை.

நானும் மனைவியும் கிளம்பினோம். மனைவியின் தம்பி, என் மச்சான், பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருந்தான். "நேராப் போயி காது குத்திட்டுத் திரும்பறதுக்கா மாமா இவ்ளோ தூரம் வந்தீங்க? நான் லீவு போடறேன். சுவிட்சர்லாந்து சுத்திட்டு, அந்தப் பக்கமா மலையத் தாண்டி உங்க தங்கச்சி வீட்டுல எறங்கிடலாம்" என்றான். அப்படித்தான் எங்கள் உல்லாசப் பயணம் ஆரம்பித்தது. ஏரி பார்த்தோம், பனி பார்த்தோம், அதே மாதிரி இன்னொரு ஏரி பார்த்தோம். சாயங்காலம் எங்கே தங்கினாலும் மச்சான் முதலில் காருக்கு சார்ஜ் போடுவான். நான் பக்கத்தில் நின்று, கேட்காத ஆலோசனையெல்லாம் சொல்வேன்.

காது குத்து ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் முடித்தாக வேண்டும். பாண்டிச்சேரி காலண்டரில் பார்த்த எமகண்டம் பிரான்சு கடிகாரத்துக்குப் பொருந்துமா என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டு, தங்கச்சியின் மாமியாரிடம் பிரெஞ்சில் திட்டு வாங்கியிருந்தேன். காது குத்துகிற ஆசாரியும் வெளியூரிலிருந்து வருகிறார், மத்தியானம் அவருக்கு வேறொரு வீடு இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் சுவிட்சர்லாந்து மலையில் கடைசித் தங்கல். ஓட்டல் வாசலிலேயே சார்ஜர் இருந்தது. மச்சான் டிக்கியைத் திறந்து கேபிளை எடுத்தான். சார்ஜர் மேல் ஒட்டியிருந்த கட்டணத்தை நான் படித்தேன். எனக்குள்ளே அப்பா கனைத்தார்.

"மச்சான், நாளைக்கு இந்த மலையத் தாண்டினா பிரான்சுதான?"

"ஆமா மாமா."

"அங்க இத விடக் கம்மிதான?"

"பாதிகூட இருக்காது."

"அப்புறம் இங்க எதுக்குடா போடற? பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்."

அவன் தயங்கினான். "மாமா, இது ஸ்கூட்டர் இல்ல. மலை ஏறணும். குளிரு வேற."

"மூணுல ஒரு பங்குக்கு மேல இருக்கு. நானு கரண்டு ஆபீஸ்டா. எனக்கே சொல்றியா?"

அக்கா புருஷனை அதற்கு மேல் எதிர்த்துப் பேச முடியுமா? அவன் கேபிளைச் சுருட்டி உள்ளே வைத்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டிக்கியை மூடும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி வந்து போனதை நான் பார்த்தேன். என்ன பாஸ்போர்ட் வைத்திருந்தால் என்ன, அவனும் பாண்டிச்சேரியில் பெட்ரோல் போட்டு வளர்ந்தவன்தானே.

காலையில் கிளம்பியபோது வண்டியின் திரை தெம்பாகத்தான் பேசியது. மலைப் பாதை தொடங்கியதும் அதன் சுருதி இறங்க ஆரம்பித்தது. ஒரு வளைவுக்கு ஒரு எண் குறைந்தது. சாலையின் இரண்டு பக்கமும் அழுக்குப் பனி ஒதுக்கிக் கிடந்தது. நான் ஊர்ப் பழக்கத்தில், ஏசியைத் திருகுகிற மாதிரி ஹீட்டரை உச்சத்தில் வைத்துவிட்டு ஆனந்தமாகச் சாய்ந்திருந்தேன். மச்சான் எட்டி அதை அணைத்தான். நான் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் அவன் முகம் தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

"ஏங்க, குளிருது" என்றாள் மனைவி.

"ஹீட்டர் போட்டா கரண்டு இழுக்கும்."

"நேத்து சார்ஜ் போட்டிருந்தா போட்டிருக்கலாம் இல்ல?"

நான் ஜன்னல் வழியாக இயற்கை அழகை ரசித்தேன். அவள் பெட்டியைத் திறந்து, காது குத்துக்காக வைத்திருந்த பட்டுப் புடவையை எடுத்து ஸ்வெட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டாள். எனக்கு ஒரு ஓட்டல் துண்டு கொடுத்தாள். அது நம் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

உச்சியைத் தொட்டபோது திரையில் ஒன்பது சதவீதம். எல்லைச் சாவடியில் ஆள்கூட இல்லை. ஒரு பலகை, அவ்வளவுதான், பிரான்சு வந்துவிட்டது. நான் கை தட்டினேன். கூட யாரும் தட்டவில்லை. முதல் ஊரின் சதுக்கத்தில் வேகமான சார்ஜர் இருப்பதாக மச்சானின் போன் காட்டியது. அங்கே போட்டால் கால் மணியில் கிளம்பிவிடலாம், பதினோரு மணிக்கெல்லாம் தங்கச்சி வீடு.

"பாத்தியா மச்சான்? இதான் கணக்கு" என்றேன்.

சதுக்கத்துக்குள் திரும்பினோம். உள்ளே போக வழியில்லை. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக்குள் காரை விட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும். அந்த ஊருக்கும் அன்றைக்குத்தான் சந்தை. சதுக்கம் முழுக்கக் கூடாரம். செருப்பு, கூடை, காய்கறி, வறுத்த கோழி. சார்ஜர் எங்கே என்று தேடினால், அதன் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றில் ஒருவர் தன் கூடாரத்தை இழுத்துக் கட்டியிருந்தார். சீஸ் கடை. அவருடைய குளிர்சாதன வேன் சார்ஜருக்கு முன்னால் குறுக்கே நின்றது.

மச்சான் ஓடிப்போய்ப் பேசினான். நானும் துண்டைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன். என் பிரெஞ்சு, தெருப் பலகைகளைப் படித்து வளர்ந்த பிரெஞ்சு. 'பொன்ழூர்' என்று வணக்கம் சொன்னேன், பிறகு 'மெர்சி' என்று நன்றி சொன்னேன், நடுவில் சொல்ல ஒன்றும் இல்லாததால் என் இரண்டு காதுகளையும் பிடித்து ஊசி குத்துகிற மாதிரி செய்து காட்டினேன். சீஸ்காரர் பரிதாபமாகப் பார்த்து, ஒரு துண்டு சீஸை வெட்டி என் கையில் வைத்தார்.

"என்னடா சொல்றாரு?"

"பன்னண்டரைக்கு எடுத்துடுவாராம். அதுக்கு முன்னாடி வேன எடுத்தா பின்னாடி இருக்கற ஏழு கடையும் எடுக்கணுமாம். உங்களுக்குப் பல்லு வலியான்னு கேக்கறாரு."

அடுத்த சார்ஜர் கீழே பள்ளத்தாக்கில், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில். பெரும்பாலும் இறக்கம், நடுவில் ஒரே ஒரு ஏற்றம். அந்த ஒரே ஒரு ஏற்றத்தைச் சொல்லும்போது மச்சான் குரல் சுருங்கியது. அப்போது தங்கச்சியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, எங்க இருக்க?"

"இதோ, வந்துட்டேம்மா. அஞ்சு நிமிஷத்துல..."

பின்னணியில் குழந்தை சிணுங்குவதும், மாமியார் யாரையோ அதட்டுவதும் கேட்டன.

"இது ஆபீஸ் குரலு" என்றாள் தங்கச்சி. "என்னாச்சு, உண்மையச் சொல்லு."

"ஒண்ணுமில்ல. சார்ஜ் கொஞ்சம் கம்மி."

"கம்மின்னா?"

"கம்மிதாம்மா."

போனை வைத்துவிட்டாள்.

அந்த ஏற்றத்தை நான் இன்னும் கனவில் ஏறிக்கொண்டிருக்கிறேன். திரையில் நான்கு, மூன்று. பிறகு எண் மறைந்து, ஆமைப் படம் ஒன்று மஞ்சளாக எரிந்தது. கேலி இல்லை, நிஜமாகவே ஆமை. இனி வண்டி வேகம் எடுக்காது என்பதற்கு அதுதான் அடையாளமாம். பின்னால் ஒரு சைக்கிள்காரர் மணி அடித்து எங்களை முந்திப் போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

"மச்சான், பாரத்தக் கொறைக்கலாமா? முறுக்கு டப்பா ரெண்டு இருக்கு" என்றேன்.

"முறுக்கு இருக்கட்டும்" என்றாள் மனைவி. "உங்கள எறக்கி விட்டா அம்பது கிலோமீட்டர் போகும்."

யாரும் சிரிக்கவில்லை, அவளும்தான். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கம்மல் அதற்குள்தான் இருந்தது. என் கண்ணுக்கு முன்னால் தங்கச்சி வீட்டுக் கூடம் தெரிந்தது. நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் தெரிந்தது. நிறையப் பேர். ஒரு காலி நாற்காலி. அதில் ஒரு பெரியப்பா பையன் வேட்டியை ஒழுங்கு செய்துகொண்டு உட்காருகிறான். அவன் யாரென்றே தெரியாது, நல்லவனாகத்தான் இருப்பான், அவனுக்குத் தொப்பைகூட இருக்காது. அவனை நான் அந்த ஏற்றம் முழுக்க வெறுத்தேன்.

மேட்டின் உச்சியில் வண்டி ஒரு கணம் நிற்கிற மாதிரி இருந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தோம். பெரிய உதவி அது. வண்டி மூக்கைக் கவிழ்த்தது. இறக்கம்.

இறக்கத்தில் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டு ஏறும். வேலையில் சேர்ந்த புதிதில் ஜெனரேட்டரைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இதுதான். ஆனால் அன்றைக்குத்தான் அதைக் கும்பிட்டேன். ஆமை மறைந்து ஒன்று என்று வந்தது, பிறகு இரண்டு. மச்சான் பிரேக்கைத் தொடாமல், மூச்சும் விடாமல் ஓட்டினான். சமதளம் வந்ததும் மறுபடி ஆமை. சூப்பர் மார்க்கெட் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மூடியிருந்தது, வாகன நிறுத்தம் காலி, மூலையில் சார்ஜர் மட்டும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. கேபிளை மாட்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம். அது வண்டியில் வந்ததா, மச்சான் முதுகெலும்பில் வந்ததா தெரியவில்லை.

"எவ்ளோ நேரண்டா?"

அவன் சார்ஜரை உற்றுப் பார்த்தான். "மாமா, இது மெதுவா ஏறற ரகம். ஒரு மணி நேரமாவது வேணும். அப்புறம் வீட்டுக்கு முக்கா மணி."

மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. கணக்குப் போட எனக்குக் கரண்டு ஆபீஸ் அறிவு தேவைப்படவில்லை.

தங்கச்சிக்கு நானே போன் செய்தேன். ஆபீஸ் குரல் வரவில்லை, என் சொந்தக் குரல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது.

"வர முடியலம்மா. பன்னண்டுக்குள்ள முடியாது. மலை மேல சார்ஜ் போடாம வந்துட்டேன். நாந்தான் வேணாம்னேன். நீங்க பாத்து... அந்தப் பையன் மடியில வெச்சு..."

"எங்க நிக்கற?"

சொன்னேன்.

"லொகேஷன் அனுப்பச் சொல்லு" என்றாள். வைத்துவிட்டாள்.

மச்சான் அனுப்பினான். அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை போனும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "ஆரம்பிச்சிருப்பாங்க" என்றான் மச்சான் மெதுவாக. மனைவி பட்டுப் புடவையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. சட்டைப் பையில் கை விட்டால் சீஸ் துண்டு பிசுபிசுத்தது. வாகன நிறுத்தத்தின் வெள்ளைக் கோடுகள் மேல் நடந்தேன். திரும்பி வந்தேன். பத்து சதவீதம். இன்னொரு நடை நடந்தேன். பதினொன்று. கரண்டுக்காக எனக்குப் போன் செய்கிறவர்கள் எத்தனை வருஷமாக இப்படி வாசலில் நடந்திருப்பார்கள் என்று முதல் தடவையாகத் தோன்றியது. உடனே அந்த நினைப்பை விரட்டிவிட்டேன், லீவில் வந்தவன் அதையெல்லாம் யோசிக்கக்கூடாது.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார் வாகன நிறுத்தத்துக்குள் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது கார் நிற்பதற்குள்ளேயே கதவு திறந்து, ஒரு தாம்பாளம் வெளியே வந்தது, அதைப் பிடித்தபடி தங்கச்சியின் மாமியார்.

முதல் காரிலிருந்து தங்கச்சி இறங்கினாள். பச்சைப் பட்டு, மேலே குளிர்கோட்டு, இடுப்பில் குழந்தை. நேராக என்னிடம் வந்தாள். ஆள் இளைத்திருந்தாள். நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாத" என்றாள். "நேரமாவுது. உட்காரு."

"எங்க?"

"உன் கார்லயே உட்காரு. மடி உன்னோடதுதான?"

நான் பின்சீட்டில் ஏறினேன். மனைவி நகர்ந்து இடம் விட்டு, கைப்பையைத் திறந்தாள். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததால் மச்சான் தைரியமாக ஹீட்டரைப் போட்டான். குழந்தையை என் மடியில் வைத்தாள் தங்கச்சி. தொப்பையைத் தாண்டி இடம் இருந்தது. குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த ஓட்டல் துண்டைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. ஆசாரி திறந்த கதவுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோட்டு, கம்பளிக் குல்லாய், கையில் ஊசி.

"அசையாமப் புடிங்க மாமா" என்றார். நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மாமியார் தாம்பாளத்தைக் கார் பானெட் மேல் வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். "மோன் தியே, ஆண்டவனே, இங்க காமெரா இருக்குதே. தேங்கா ஒடைக்கலாமா?" என்றார். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா நாயோடு நின்று வேடிக்கை பார்த்தார். அவருக்கு மாமியார் பிரெஞ்சில் விளக்கம் சொல்ல, அதற்குள் முதல் காது முடிந்தது. குழந்தை அலறிய அலறலில் நாயும் குரைத்தது. இரண்டாவது காது குத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டு காதிலும் கம்மல் இருந்தது, என் வேட்டியாக இருந்திருக்க வேண்டிய பேண்ட் நனைந்திருந்தது. பன்னிரண்டு ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது.

தங்கச்சி குழந்தையைத் தூக்கவில்லை. "அழட்டும், அவ மாமன் மடிதான்" என்று மாமியார் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"கிளியனூர்ல தள்ள வெச்ச. இங்கயும் தள்ள வெப்பியோன்னு நெனச்சிக்கிட்டே வந்தேன்."

"அதெல்லாம் பழைய கத" என்றேன்.

"நேத்தும் பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்னுதான சொன்ன?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என் மனைவியைப் பார்த்தான். மனைவி கசங்கிய பட்டுப் புடவையை நீவிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லியிருக்க அவசியமில்லை.

தேங்காயை ஆசாரி தன் பையிலிருந்த சுத்தியலால் சத்தம் வராமல் உடைத்தார். அந்த வெள்ளைக்காரத் தாத்தாவுக்கும் ஒரு சில்லு போனது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காருக்குள் தலையை நீட்டி எனக்கு வணக்கம் சொன்னார்கள். அதில் ஒருவன் அந்தப் பெரியப்பா பையன். நான் நினைத்ததற்கு மாறாக, என்னைவிடப் பெரிய தொப்பை. அவனை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"வீட்டுல சாப்பாடு ஆறுது, எல்லாரும் கெளம்புங்க" என்றார் மாமியார். மச்சான் திரையைப் பார்த்தான். "வீடு வரைக்கும் போறதுக்கு இது போதும் மாமா. கேபிள எடுத்துடட்டுமா?"

"இருடா" என்றேன். "ஃபுல் ஆவட்டும்."

தங்கச்சி நின்று திரும்பி வந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, இவனுக்கு ஒடம்பு சரியில்லையா?"